இரவு மின்சாரத்தில் பசுமை ஹைட்ரஜன்: விலையும் கரிமக் கணக்கும்

1. இரண்டு கிலோ என்னும் எல்லை

2023 ஆகஸ்ட் மாதம் இந்திய அரசு, புதுப்பிக்கத்தக்க ஆற்றலைக் கொண்டு செய்யும் பசுமை ஹைட்ரஜனுக்கு ஓர் அளவுகோலை அறிவித்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனை உற்பத்தி செய்யும்போது வெளியேறும் பசுங்குடில் வாயுக்கள், கரியமில வாயுவுக்கு ஈடாகக் கணக்கிட்டால், 2 கிலோவைத் தாண்டக் கூடாது. தண்ணீரைச் சுத்திகரிப்பது, மின்னாற்பகுப்பு, வாயுவைத் தூய்மைப்படுத்தி உலர்த்தி அழுத்துவது ஆகிய படிகள் இந்தக் கணக்கில் அடங்கும். பன்னிரண்டு மாதச் சராசரியே அளவு.

அதே ஆண்டு ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி, அதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டன் கரியமில வாயு தவிர்ப்பு என்பவை அதன் இலக்குகள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 10 கிலோ தவிர்ப்பு வருகிறது. இன்று எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனின் மொத்த உமிழ்வே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, புதிய ஹைட்ரஜனின் உமிழ்வு சுழியம் என்ற அனுமானம் இலக்கிலேயே புதைந்திருக்கிறது. அரசின் சொந்த அளவுகோல் அனுமதிக்கும் 2 கிலோவைக் கழித்தாலே இலக்கில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

பசுமை ஹைட்ரஜனைப் பற்றிய பேச்சில் விலையை ஒரு துறையினரும் கரிமத் தடத்தை இன்னொரு துறையினரும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். எந்த நேரத்து மின்சாரத்தில் செய்தது என்று சொல்லாமல் ஒரு கிலோவின் விலையைச் சொல்வதற்குப் பொருள் உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பெரும்பாலும் இல்லை என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், எதிர்வாதங்களில் எவை நிற்கின்றன என்பதையும் கீழே பார்க்கலாம்.

2. ஏற்கெனவே இருக்கும் ஹைட்ரஜன்

ஹைட்ரஜன் புதிய பொருளன்று. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2023இல் உலகில் 9.7 கோடி டன் உற்பத்தியானது. அதனால் வெளியேறிய கரியமில வாயு ஏறத்தாழ 92 கோடி டன். குறைந்த உமிழ்வுள்ள ஹைட்ரஜன் இதில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலைகளுமே முக்கியப் பயனாளர்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை. 1970களில் நாப்தாவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, அதை அம்மோனியாவாக்கி, யூரியா செய்யத் தொடங்கிய ஆலை அது. ராமநாதபுரத்திலிருந்து 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் 2021இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அரை நூற்றாண்டாக ஹைட்ரஜன் செய்துவரும் ஊரில்தான் இப்போது பசுமை ஹைட்ரஜன் மையம் வருவதாகப் பேசப்படுகிறது.

எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் முறை எளிது. மீத்தேனையும் நீராவியையும் நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்தினால் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கிடைக்கும். வேதியியல் சமன்பாட்டின்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 5.5 கிலோ கரியமில வாயு. உலைக்கு 800 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அதற்கும் எரிவாயுவையே எரிப்பதால் ஆலையின் உமிழ்வு 9 கிலோவைத் தொடுகிறது. கிணற்றிலும் குழாயிலும் கசிவதைச் சேர்த்தால் 10, 11 என்று ஏறும். நிலக்கரியை வாயுவாக்கி எடுத்தால் இது இரண்டு மடங்காகும்.

விலையையும் குறித்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 165 மெகாஜூல் எரிவாயு செலவாகிறது. பத்து லட்சம் பிடியூவுக்கு (எரிவாயுவை விற்கும் வெப்ப அலகு) 10 டாலர் என்று வைத்தால் எரிவாயுவுக்கு மட்டும் 135 ரூபாய். ஆலையின் முதலீட்டையும் பராமரிப்பையும் சேர்த்தால் 170 முதல் 180 ரூபாய் வரை. பசுமை ஹைட்ரஜன் போட்டியிட வேண்டியது இந்த விலையோடுதான்.

3. நீல ஹைட்ரஜன் குறித்த வழக்கு

எரிவாயு ஆலையை அப்படியே வைத்துக்கொண்டு கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைப்பதை நீல ஹைட்ரஜன் என்கிறார்கள். 90 விழுக்காடு பிடிக்கிறோம் என்ற அறிவிப்பைக் கேட்டால், எதில் 90 விழுக்காடு என்று கேட்க வேண்டும். உலைக்குள் வினையில் உண்டாகும் 5.5 கிலோ அடர்த்தியான ஓட்டமாக வருவதால் பிடிப்பது எளிது. எரிப்பில் வரும் மீதி 3.5 கிலோ புகைபோக்கி வழியே காற்றோடு கலந்து நீர்த்துப்போய் வெளியேறுகிறது. முதல் ஓட்டத்தில் மட்டும் 90 விழுக்காட்டைப் பிடித்தால் ஆலையிலிருந்து இன்னும் 4 கிலோ வெளியேறும். புகைபோக்கியையும் சேர்த்துப் பிடிக்கச் செலவு கூடும்.

2021இல் ராபர்ட் ஹோவார்த், மார்க் ஜேக்கப்சன் இருவரும் எழுதிய ஆய்வு, வெப்பத்துக்காக எரிவாயுவை நேரடியாக எரிப்பதைவிட நீல ஹைட்ரஜனின் தடம் 20 விழுக்காட்டுக்கு மேல் பெரிது என்றது. மறு ஆண்டு கிறிஸ்டியன் பாவரும் கூட்டாளிகளும் அதை மறுத்து, மீத்தேன் கசிவு குறைவாகவும் பிடிப்பு முழுமையாகவும் இருந்தால் நீல ஹைட்ரஜனும் பசுமை ஹைட்ரஜனுக்கு அருகில் வரும் என்றனர். இரு தரப்பும் பெரும்பாலும் ஒரே இயற்பியலைத்தான் பேசுகின்றன. வேறுபாடு இரண்டு தேர்வுகளில் இருக்கிறது: எவ்வளவு மீத்தேன் கசிகிறது, அதன் விளைவை எத்தனை ஆண்டுக்கு அளக்கிறோம்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 3.3 கிலோ மீத்தேன் தேவை. அதில் ஒரு விழுக்காடு, அதாவது 33 கிராம், கசிந்தால் நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இருபதாண்டுக் கணக்கில் அதுவே 2.7 கிலோ. கசிவு மூன்று விழுக்காடு என்றால் முறையே 3 கிலோ, 8 கிலோ. இந்தியாவின் 2 கிலோ எல்லையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கரியமில வாயுவை ஒரு துளி விடாமல் பிடித்தாலும் கசிவு மட்டுமே அந்த எல்லையை மீறிவிட முடியும் என்பது விளங்கும். நார்வே போலக் கசிவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் நாட்டின் எரிவாயுவுக்கு ஒரு விடை, பல நாடுகள் கடந்து கப்பலில் வரும் எரிவாயுவுக்கு வேறு விடை. எரிவாயுவில் பாதியளவை இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு, கசிவு நிகழும் கிணறுகள் தன் அளவுமானிக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. ஆகவே நீல ஹைட்ரஜனை இங்கு முதன்மை வழியாகக் கொள்ள முடியாது என்பதோடு இதை விடலாம்.

4. மின்சாரமே மூலப்பொருள்

மின்னாற்பகுப்பில் தண்ணீர் மூலப்பொருள் என்று பள்ளியில் படித்தோம். செலவுக் கணக்கில் மின்சாரமே மூலப்பொருள். ஒரு கிலோ ஹைட்ரஜனில் பயன்படுத்தக்கூடிய ஆற்றல் 33 யூனிட். அதை எடுக்க இன்றைய மின்னாற்பகுப்புக் கருவியான எலெக்ட்ரோலைசரும் துணைக் கருவிகளும் 50 முதல் 55 யூனிட் வரை கேட்கின்றன. இங்கு 53 என்று கொள்வோம். 50 லட்சம் டன் இலக்குக்கு 26,500 கோடி யூனிட் வேண்டும். நாட்டின் இன்றைய மொத்த மின்னுற்பத்தியில் இது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் தரவின்படி 2023-24இல் இந்திய மின்தொகுப்பின் சராசரி உமிழ்வு யூனிட்டுக்கு 0.727 கிலோ. அந்த மின்சாரத்தை அப்படியே எலெக்ட்ரோலைசரில் செலுத்தினால் ஒரு கிலோ ஹைட்ரஜனின் தடம் 38 கிலோவுக்கு மேல் போகும். எரிவாயு ஹைட்ரஜனைப் போல நான்கு மடங்கு. கருவி ஒன்றே, தண்ணீர் ஒன்றே. மின்சாரம் மாறினால் உலகின் மிகத் தூய ஹைட்ரஜனும் மிக அழுக்கான ஹைட்ரஜனும் ஒரே கருவியிலிருந்து வரும்.

இதிலிருந்து எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது. தேவைப்படும் 53 யூனிட்டில் வெறும் 5 விழுக்காட்டை, அதாவது இரண்டரை யூனிட்டுக்குச் சற்று மேல், தொகுப்பு மின்சாரத்திலிருந்து எடுத்தாலே 1.9 கிலோ உமிழ்வு சேர்ந்து 2 கிலோ எல்லை முடிந்துவிடுகிறது. இந்த அளவுகோலை வெறும் சடங்கு என்று யாரும் சொல்ல முடியாது. காகிதத்தில் அது கடுமையானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை 3.38 கிலோ, பிரிட்டனின் எல்லை ஏறத்தாழ 2.4 கிலோ. எண்ணை மட்டும் பார்த்தால் இந்தியாவே கறார். ஆனால் தொகுப்பிலிருந்து எடுத்த யூனிட் எதுவென்று யார் சொல்வது?

5. இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது

அதற்கு முன் விலை. எலெக்ட்ரோலைசரை நிறுவி, இணைப்பு வேலைகளையும் முடிக்க ஒரு கிலோவாட்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சீனாவில் இது குறைவு, மேற்கு நாடுகளில் இரண்டு மடங்கு. வட்டி, முதல் திரும்பல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 13 விழுக்காடு, அதாவது 13,000 ரூபாய். ஒரு கிலோவாட் கருவி ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடினால் 165 கிலோ ஹைட்ரஜன் தரும்.

சூரிய மின்சாரத்தில் மட்டும் ஓட்டினால் கருவிக்கு ஆண்டில் கால் பங்கு நேரமே வேலை. யூனிட் 2.50 ரூபாய்க்குக் கிடைத்தாலும், மின்சாரத்துக்கு 132, கருவிக்கு 315, ஆக 447 ரூபாய். காற்றையும் சூரியனையும் கலந்து, பாதி நேரம் ஓட்டி, யூனிட்டுக்கு 3.50 கொடுத்தால் மின்சாரம் 186, கருவி 157, மொத்தம் 343. கருவியை 90 விழுக்காடு நேரம் ஓட்டி, மின்சாரமும் யூனிட் 3 ரூபாய்க்குக் கிடைத்தால் 246 ரூபாய்தான். இவை விளக்கத்துக்கான கணக்குகள். அனுமானத்தை மாற்றினால் எண் மாறும், வரிசை மாறாது.

பசுமை ஹைட்ரஜன் மலிவாக வேண்டுமானால் சூரிய மின்சாரம் மலிந்தால் போதும் என்ற பரவலான நம்பிக்கை இங்கே அடிபடுகிறது. 447இல் கருவியின் பங்கு மின்சாரத்தின் பங்கைவிட இரண்டு மடங்குக்கு மேல். கருவியைச் சும்மா கிடக்க விடுவதே பெருஞ்செலவு. ஆகவே ஒவ்வொரு முதலீட்டாளரும் இரவிலும் கருவியை ஓட்ட வழி தேடுவார். தேடாவிட்டால் அவர் நல்ல முதலீட்டாளர் இல்லை.

இரவில் கருவியை ஓட்ட மூன்று வழிகள் உண்டு: மின்கலத்தில் சேமிப்பது, இரவிலும் வீசும் காற்றை நம்புவது, அல்லது பகலில் தொகுப்புக்குக் கொடுத்ததை இரவில் திருப்பி எடுத்துக்கொள்வது. முதலாவதற்குச் செலவு அதிகம். இரண்டாவது பருவத்தைப் பொறுத்தது. மூன்றாவது ஏறக்குறைய இலவசம்.

6. பேங்கிங்

மூன்றாவது வழியைத் தமிழ்நாட்டுக் காற்றாலை உரிமையாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் மே முதல் செப்டம்பர் வரை காற்று அடிக்கும்போது உற்பத்தியாகும் யூனிட்டை மின்வாரியத்தில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பல பத்தாண்டுகளாக அவர்கள் பேங்கிங் என்றே அழைக்கிறார்கள். அதற்கு என்ன கட்டணம், எத்தனை மாதம், எந்த நேரத்தில் எடுக்கலாம் என்பதில் வாரியத்துக்கும் அவர்களுக்கும் இடையே ஒழுங்குமுறை ஆணையத்தில் நடந்த வழக்குகள் பல. வாரியத்தின் வாதம் எளிமையானது: கொடுக்கும்போது எனக்குத் தேவையில்லாத மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்கும்போது நான் விலைக்கு வாங்க வேண்டிய மின்சாரத்தைக் கேட்கிறாய். இதே வாதம் பணத்துக்குப் பதில் கரிமத்தில் பசுமை ஹைட்ரஜனுக்கும் பொருந்துகிறது.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட பசுமை ஹைட்ரஜன் கொள்கை 30 நாள் வரை பேங்கிங்கை அனுமதித்தது. மாநிலங்களுக்கிடையிலான மின்கடத்தல் கட்டணத்தை 25 ஆண்டுகளுக்குத் தள்ளுபடி செய்தது. 2023 அளவுகோல் ஒரு படி மேலே போய், விதிகளின்படி தொகுப்பில் பேங்கிங் செய்த மின்சாரத்தையும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றே வரையறுத்தது. 4ஆம் பகுதியின் முடிவில் எழுந்த கேள்விக்கு அரசின் விடை இது. நண்பகலில் கொடுத்த யூனிட்டை நள்ளிரவில் எடுத்தால், எடுத்த யூனிட்டும் சூரிய யூனிட்தான். அதன் உமிழ்வு சுழியம்.

இயற்பியல்படி அது சூரிய யூனிட் இல்லை. நள்ளிரவில் கூடுதலாக ஒரு யூனிட் கேட்டால் இந்தியத் தொகுப்பில் அதைத் தருவது பெரும்பாலும் ஏதோ ஓர் அனல்மின் நிலையம். நிலக்கரி யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 கிலோ உமிழ்வு. 53 யூனிட்டில் கால் பங்கை, அதாவது 13 யூனிட்டை, பேங்கிங் மூலம் இரவில் எடுத்தால் 13 கிலோ கரியமில வாயு. எரிவாயு ஹைட்ரஜனைவிட இது மோசம்.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. நண்பகலில் தொகுப்புக்குக் கொடுத்த அந்த 13 யூனிட், அந்த நேரத்தில் ஓர் அனல்மின் நிலையத்தைத் தணித்திருக்கும். பகலில் மிச்சமான நிலக்கரியை இரவில் எரித்தோம், கணக்கு நேராகிவிட்டது என்பார்கள். பகலிலும் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் ஓரத்து உற்பத்தியாக நிலக்கரியே இருந்த காலம் வரை இது சரி. பத்தாண்டுகளுக்கு முன் இக்கட்டுரையை எழுதியிருந்தால் நானும் இந்த வாதத்தின் பக்கம் நின்றிருப்பேன். இப்போது நிலை மாறிவருகிறது. அனல்மின் நிலையங்களை ஓர் அளவுக்குக் கீழே தணிக்க முடியாது. மாலையில் மீண்டும் ஓட வேண்டியிருப்பதால் அவற்றை நிறுத்தவும் முடியாது. ராஜஸ்தானில் நண்பகல் சூரிய மின்சாரத்தை எடுக்க வழியில்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் நிலை வந்துவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் கொடுத்த யூனிட் எந்த நிலக்கரியையும் தணிக்கவில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 2 கிலோ எல்லைக்குள் நிற்க வேண்டுமானால், பேங்கிங் செய்த யூனிட்டுகளில் 85 விழுக்காடு உண்மையிலேயே நிலக்கரியைத் தணித்திருக்க வேண்டும். சூரிய மின்திறன் கூடக்கூட, உண்மையில் நிலக்கரியைத் தணிக்கும் யூனிட்டுகளின் விழுக்காடு குறைந்துகொண்டே போகும். அதாவது ஆலையின் பத்தாண்டு ஒப்பந்தம் முடிவதற்குள் அதன் சான்றிதழ் பொய்யாகிவிடக்கூடும், சான்றிதழில் ஓர் எழுத்தும் மாறாமலே.

வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே சுற்றுகின்றன. அமெரிக்கப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிக்ஸ், ஷூ, ஜென்கின்ஸ் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, பயன்படுத்திய மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க உற்பத்தியால் ஆண்டுச் சராசரியில் மட்டும் ஈடுசெய்தால் உமிழ்வு எரிவாயு ஹைட்ரஜனுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ ஆகலாம் என்றும், மணிவாரியாக ஈடுசெய்தால் விலை ஏற்றம் பெரும்பாலும் கிலோவுக்கு 1 டாலருக்குள் அடங்கும் என்றும் கண்டது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் வேறு கோணத்தைக் காட்டினார்கள்: எலெக்ட்ரோலைசரை விட்டு விட்டு ஓட்ட முடிந்தால், அல்லது பின்னணித் தொகுப்பு ஏற்கெனவே தூய்மையாகிவந்தால், மணிவாரிக் கட்டாயம் தேவையில்லை. இரண்டாவது ஆய்வைத் தொழில்துறையினர் விரும்பி மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதன் நிபந்தனைகளை இந்தியா நிறைவேற்றவில்லை. நம் மின்னுற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரி. பேங்கிங்கின் நோக்கமே கருவியை விட்டு விட்டு ஓட்டாமல் இருப்பது.

ஐரோப்பிய ஒன்றியம் 2029 முடிய மாதவாரியும் 2030 முதல் மணிவாரியும் ஈடுசெய்ய வேண்டும் என்று விதித்திருக்கிறது. அமெரிக்கா தன் ஹைட்ரஜன் வரிச்சலுகைக்கு 2025 ஜனவரியில் வெளியிட்ட இறுதி விதிகளிலும் 2030 முதல் மணிவாரிக் கணக்குதான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க வரிச்சலுகை நான்கு படிகள் கொண்டது. தடம் 0.45 கிலோவுக்குக் குறைந்தால் கிலோவுக்கு 3 டாலர், அதற்கு மேல் 1.5 கிலோ வரை 1 டாலர், பிறகு இன்னும் குறைவு. இந்திய ஊக்கத்தொகை முதல் ஆண்டு கிலோவுக்கு 50 ரூபாய் வரை, பிறகு 40, 30. தடம் 0.2 கிலோ என்றாலும் 1.9 கிலோ என்றாலும் தொகை ஒன்றே. தூய்மையாகச் செய்பவருக்கு இங்கே தனிப் பரிசு கிடையாது.

இப்போது 5ஆம் பகுதியின் விலைகளுக்குத் திரும்பினால் முழுப் படமும் தெரியும். 343 ரூபாய்க்கும் 246 ரூபாய்க்கும் இடையிலான 97 ரூபாய், ஏறக்குறைய முழுவதும் பேங்கிங்கும் கட்டணத் தள்ளுபடியும் தருவது. அரசு வெளிப்படையாகத் தரும் 50 ரூபாயைப் போல இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. வரவுசெலவுத் திட்டத்தில் இந்த மானியம் வராது. கடத்தல் கட்டணத்தைப் பிற நுகர்வோரும், இரவு மின்சாரத்தின் கரிமத்தை எல்லோரும் சுமக்கிறோம்.

7. ஏல விலை என்ன சொல்கிறது

2025இல் இந்தியாவில் கிடைத்த ஏல விலைகள் உலகத்தின் புருவத்தை உயர்த்தின. இந்திய சூரிய ஆற்றல் கழகம் உர ஆலைகளுக்காக நடத்திய பசுமை அம்மோனியா ஏலத்தில் முதல் விலை கிலோவுக்கு 55.75 ரூபாய். பின்னர் 49.75 வரை இறங்கியது. அம்மோனியாவின் எடையில் 17.6 விழுக்காடு ஹைட்ரஜன். 49.75 ரூபாய் முழுவதும் ஹைட்ரஜனுக்கே என்று தாராளமாக வைத்தாலும் ஒரு கிலோ ஹைட்ரஜன் 282 ரூபாய்க்கு மேல் போக முடியாது. நைட்ரஜன் பிரிப்பு, அம்மோனியா ஆலை, சேமிப்பு, போக்குவரத்து ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் கீழே. அதே ஆண்டு பானிபட் சுத்திகரிப்பு ஆலைக்கு ஹைட்ரஜன் கிலோ 397 ரூபாய்க்கும், விசாகப்பட்டினம் ஆலைக்கு 328 ரூபாய்க்கும் முடிவானது.

அம்மோனியா ஏலத்தில் வென்றவர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. மலிவான சீனக் கருவி, குறைந்த வட்டி, பெரிய அளவு எல்லாம் உதவியிருக்கும். ஆயினும் என் கணக்கின் 343க்கு வெகு கீழே விழும் ஒரு விலையைப் பேங்கிங்கின் துணையின்றி எட்டுவது கடினம். இந்த விலையை உலகின் மலிவான பசுமை அம்மோனியா என்று கொண்டாடுமுன் அதன் மணிவாரி மின்கணக்கைக் கேட்பது முறை. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்கு அம்மோனியா அனுப்பும் ஆலை 2030க்குப் பிறகு அந்தக் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும். உள்நாட்டு உர ஆலைக்கு விற்பவர் காட்ட வேண்டியதில்லை. ஏற்றுமதிக்கு ஒரு பசுமை, உள்ளூருக்கு ஒரு பசுமை என்ற நிலை நமக்குப் பழகிய ஒன்றுதான் என்றாலும், பெருமைக்குரியதன்று.

8. எல்லைக்கு வெளியே விட்டவை

சூரியத் தகடு செய்யவும் காற்றாலை நிறுவவும் ஆன உமிழ்வை இந்திய அளவுகோலும் ஐரோப்பிய விதியும் கணக்கில் எடுப்பதில்லை. சூரிய மின்சாரத்தின் வாழ்நாள் உமிழ்வு யூனிட்டுக்கு 20 முதல் 40 கிராம் என்று கொண்டால் 53 யூனிட்டுக்கு 1 முதல் 2 கிலோ. காற்றுக்கு 12 கிராம் என்றால் 0.6 கிலோ. தகடு செய்த உமிழ்வைச் சேர்த்தால், தூய சூரிய ஹைட்ரஜன்கூட 2 கிலோ எல்லையின் விளிம்பில் நிற்கும். 2024இல் நேச்சர் எனர்ஜி இதழில் கியானே டி கிளைனும் கூட்டாளிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உத்தேசத் திட்டங்களை ஆராய்ந்து, மிகச் சாதகமான அமைப்பில்கூட உற்பத்தியின் இடைநிலைத் தடம் 2.9 கிலோ என்றும், ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுசெல்ல மேலும் 1.5 முதல் 1.8 கிலோ வரை கூடும் என்றும் காட்டினார்கள். செய்யும் இடத்திலேயே பயன்படுத்துவதற்கு இதைவிடத் தெளிவான வாதம் வேண்டியதில்லை. காற்றாலைகள் மிகுந்த திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துக்கு இக்கணக்கு சாதகமானது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஹைட்ரஜனே கசிந்தால்? அது வளிமண்டலத்தில் மீத்தேனை அழிக்கும் மூலக்கூறுகளைத் தின்றுவிடுவதால் மறைமுகமாக வெப்பமூட்டுகிறது. 2023இல் வந்த ஓர் ஆய்வின்படி நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 11.6 மடங்கு. ஒரு விழுக்காடு கசிந்தால் 0.12 கிலோதான். சிறிது, ஆனால் குழாயும் கப்பலும் நீளும்போது பெருகும்.

தண்ணீரைப் பற்றிய அச்சம் அளவு மீறியது, கவலை சரியானது. ஒரு கிலோவுக்கு வேதியியல்படி 9 லிட்டர், சுத்திகரிப்பு இழப்பும் குளிர்விப்பும் சேர்ந்து 20 லிட்டருக்கு மேல். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் போதும். ஆக, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேண்டிய தண்ணீரைக் கடலிலிருந்து எடுக்க 0.1 யூனிட்கூட ஆகாது. 53 யூனிட் செலவழிப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் தாமிரபரணி ஆற்றிலிருந்து ஒரு லிட்டரும் எடுக்க இத்தொழிலுக்கு எந்த நியாயமும் கிடையாது.

9. எங்கே செலவிடுவது

இத்தனை விலையும் உழைப்பும் கொடுத்துச் செய்யும் பொருளை எங்கே பயன்படுத்துகிறோம் என்பது தடத்தின் இன்னொரு பாதி. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் 3.87 கோடி ரூபாய் செலவில் மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் தரும் முன்னோடி நிலையம் தொடங்கப்பட்டது. எடையில் மணிக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதைக் கொண்டு துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன மின்னேற்றத்துக்கும் மின்சாரம் தருகிறார்கள். ஊழியர்கள் கருவியைப் பழகிக்கொள்ளும் பயிற்சிக்களம் என்ற அளவில் அது சரி. மாதிரியாகக் கொள்வது தவறு. 53 யூனிட் மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, எரிபொருள் கலத்தில் மீண்டும் மின்சாரமாக்கினால் 17 யூனிட்தான் மிஞ்சும். அந்த விளக்கைக் கம்பி வழியே எரிப்பதே புத்திசாலித்தனம்.

ஹைட்ரஜனுக்கு மாற்றே இல்லாத இடம் உரம். அங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. யூரியா மூலக்கூறுக்குக் கரியமில வாயு வேண்டும், ஒரு டன்னுக்கு 0.73 டன். எரிவாயு ஆலையில் அது ஹைட்ரஜனோடு சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. பசுமை ஹைட்ரஜனுக்கு மாறினால் அதை வேறெங்கோ தேட வேண்டும். ஆகவே யூரியா ஆலைகளை முதலில் மாற்றப் புறப்படுவது வீண். டிஏபி, கலப்பு உர ஆலைகள் அம்மோனியாவை அப்படியே பயன்படுத்துகின்றன, பெருமளவு கப்பலில் இறக்குமதியும் செய்கின்றன. அண்மை ஏலங்கள் இவர்களை இலக்காகக் கொண்டது தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மிகச் சரியான முடிவு. அதற்கடுத்து சுத்திகரிப்பு ஆலைகள். பேருந்து, கார், வீட்டு அடுப்பு எல்லாம் வரிசையில் வெகு பின்னால்.

என் பரிந்துரை பேங்கிங்கை ஒரே நாளில் ஒழிப்பதன்று. தொடக்க ஆண்டுகளில் ஆலைகள் நிலைபெற ஒரு சலுகை வேண்டும், ஐரோப்பாவும் அப்படித்தான் விட்டிருக்கிறது. ஆனால் சலுகைக்கு முடிவுத் தேதி வேண்டும். 2030 முதல் தொடங்கும் ஆலைகளுக்கு மணிவாரிக் கணக்கு கட்டாயம் என்று இப்போதே அறிவித்தால், முதலீட்டாளர் இன்றே காற்றையும் மின்கலத்தையும் சேர்த்துத் திட்டமிடுவார். அதுவரை, ஒவ்வொரு சான்றிதழிலும் எத்தனை விழுக்காடு மின்சாரம் அதே நேரத்தில் உற்பத்தியானது, எத்தனை விழுக்காடு பேங்கிங் என்று அச்சிட வேண்டும். ஊக்கத்தொகையைத் தடத்துக்கேற்பப் படிப்படியாக மாற்ற வேண்டும். தரவு இல்லை என்ற சமாதானம் எடுபடாது. இந்திய மின்தொகுப்பு ஒவ்வொரு நாளையும் 15 நிமிடங்கள் கொண்ட 96 காலத்துண்டுகளாகப் பிரித்துத்தான் வரவும் செலவும் எழுதிவருகிறது.